52.9 டிகிரி பொய்யான பிறகுதான் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார்

டெல்லியில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரிலிருந்து வயசான அப்பாவையோ அம்மாவையோ கோடையில் கூட்டிவந்து வைத்துக்கொள்ளும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 மே கடைசியிலும் ஜூனிலும் என் கையைவிட்டுப் போனது ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அதில் பாதி டிவி கிளப்பிவிட்ட பயத்துக்குப் போனது. மீதி, அந்தப் பயம் தெளிந்த பிறகு வந்த நிஜமான ஆபத்துக்குப் போனது. இரண்டும் எப்படி நடந்தது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் இருப்பது மயூர் விஹாரில், மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். என் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் குவாஹாத்தியில் போஸ்டிங். அம்மா போன பிறகு அப்பா கும்பகோணத்தில் தனியாக இருந்தார். மார்ச்சில் நான்தான் அழைத்து வந்தேன். எழுபத்தாறு வயது. பிபி மாத்திரை, அதோடு ஒரு நீர் மாத்திரை. காலையில் உத்தர குருவாயூரப்பன் கோயில் வரை நடந்துபோய்விட்டு, வரும் வழியில் கீரை வாங்கி வருவார். ஏப்ரல் முழுக்க அவருக்கு டெல்லி ரொம்பப் பிடித்திருந்தது. "என்னம்மா, ஒரு சொட்டு வேர்வை இல்லையே" என்று ஆச்சரியப்படுவார். காற்று காய்ந்து கிடக்கும் ஊரில் வேர்வை வந்ததே தெரியாமல் ஆவியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அதன் அர்த்தம் ஜூனில்தான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

மே 29, புதன்கிழமை. நம் ஊர் கணக்கில் கத்திரி முடிந்த மறுநாள். மத்தியானம் ஆபீசில் இருக்கும்போதே போன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. குடும்ப குரூப்பில் அண்ணன் டிவி திரையைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். டெல்லியில் 52 டிகிரி, இந்தியாவிலேயே இதுவரை இல்லாத வெயில், பின்னணியில் தீப்பிழம்பு கிராபிக்ஸ். முதலில் 52.3 என்றார்கள், கொஞ்ச நேரத்தில் 52.9 என்றார்கள். ராஜஸ்தானில் பலோடி என்ற ஊரில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரிதான் அதுவரை நாட்டின் உச்சம். அதையும் டெல்லி தாண்டிவிட்டது என்றால் செய்திக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும். பிகானேர் பக்கம் மணலில் அப்பளத்தைப் புதைத்துச் சுட்டெடுத்த ஜவான் வீடியோ வேறு சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் டெல்லி என்று நினைத்து சித்தி எனக்கு அனுப்பினாள்.

அண்ணன் போனில் கத்தினான். "உடனே அப்பாவ அனுப்பு. அம்பத்திமூணு டிகிரில மனுஷன் இருப்பானா? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" அவன் சென்னையில் இருக்கிறான். பயம் நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்வியில் என்மேல் ஒரு குற்றச்சாட்டும் இருந்தது, அது எனக்கு உறைத்தது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். விமானத்தில் மறுநாளைக்கு 14,600 ரூபாய், பணம் திரும்பாத கட்டணம். போட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா அசையவில்லை. "நான் இங்கேயே உக்காந்திருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே. சாயங்காலம் தூறல்கூட போட்டுதே." உண்மைதான், அன்று சாயங்காலம் டெல்லியில் சில இடங்களில் லேசாக மழை விழுந்தது. 52.9 டிகிரிச் செய்தி ஓடிக்கொண்டிருந்த அதே நேரத்தில்! அவர் கிளம்பவில்லை, டிக்கெட் போயிற்று. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: கட்டணம் திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும் அதில் அடங்கிய வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் விமான நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். எனக்கு ஆயிரத்துச் சொச்சம் வந்தது.

அப்பா போகவில்லை என்றானதும் அவர் அறைக்கு ஏசி. அதுவரை அங்கே ஈரத் திரை வழியாகக் காற்றை இழுத்துக் குளிரவைக்கும் கூலர்தான். ஊரே ஏசி தேடி அலைந்த வாரம் அது. சாதாரண நாளில் அப்போது 34,000, 35,000 ரூபாய்க்குக் கிடைத்த ஒன்றரை டன் ஸ்பிளிட்டுக்கு 46,000 கேட்டார்கள். மாட்டுவதற்குத் தனியாக 3,500. மாட்டி முடித்த அன்றே இரண்டு ஏசியும் ஒன்றாக ஓடினால் எம்சிபி, அதாவது லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச், விழுந்தது. கரண்ட் பில்லை எடுத்துப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு அனுமதித்த லோடு மூன்று கிலோவாட்தான். வயரிங்கும் பழசு. எலக்ட்ரீஷியனுக்கு இன்னொரு நாலாயிரம். கடைக்காரன் இதையெல்லாம் சொல்ல மாட்டான். ஏசி வாங்கப் போகும் முன் பில்லில் சாங்ஷன்டு லோடு எவ்வளவு என்று பாருங்கள். வாடகை வீடு என்றால் அதை ஏற்ற வீட்டு ஓனர் சம்மதிக்க வேண்டும், அதற்கு நாளாகும். இது மார்ச்சில் செய்ய வேண்டிய வேலை.

இப்போது அந்த 52.9 கதைக்கு வருகிறேன். அந்த எண் வந்தது முங்கேஷ்பூர் என்ற இடத்திலிருந்து. டெல்லியின் வடமேற்கு மூலை, ஹரியானா எல்லையை ஒட்டி. அங்கே இருந்தது ஆள் இல்லாமல் தானே பதிவு செய்து அனுப்பும் தானியங்கி நிலையம். நகரத்தின் கணக்காக வானிலைத் துறை எடுத்துக்கொள்வது சஃப்தர்ஜங் நிலையத்தை. அங்கே அன்று 46.8. அதுவே 79 ஆண்டுகளில் இல்லாத வெயில், அதுவே போதுமான செய்தி. ஆனால் 46.8-ஐ யாரும் தீப்பிழம்போடு காட்டவில்லை. சென்சாரில் கோளாறு இருக்கலாம், ஆராய்கிறோம் என்று வானிலைத் துறை அன்றைக்கே சொல்லியிருந்தது. பிறகு ஒரு குழு போய்ப் பார்த்ததில் அந்தக் கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரிந்தது. அதே சமயத்தில் நாக்பூரிலும் ஒரு தானியங்கி நிலையம் 56 என்று காட்டி, அதுவும் கோளாறு என்றானது.

திருத்தம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 52.9 வந்தபோது எத்தனை பேர் எனக்கு அனுப்பினார்கள் என்று எண்ணவே முடியாது. மூன்று டிகிரி தவறு என்ற செய்தியை எனக்கு அனுப்பியவர் ஆபீசில் ஒரே ஒருவர். அதற்குள் கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு, எக்ஸிட் போல், ஜூன் 4 ஓட்டு எண்ணிக்கை என்று டிவிக்கு வேறு வேலை வந்துவிட்டது. குரூப்பில் நானே அந்தத் திருத்தத்தைப் போட்டேன். அதற்கு வந்த பதில்கள்தான் பின்னால் எங்களைக் கெடுத்தன. "பாத்தியா, எல்லாம் டிவிக்காரன் கட்டிவிட்டது." "டிஆர்பிக்காக என்ன வேணா சொல்லுவான்." அண்ணனே, "சரி விடு, அப்பா அங்கேயே இருக்கட்டும், நான் ஆகஸ்ட்ல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். அப்பாவுக்குக் கொண்டாட்டம். கீழ் வீட்டு சர்மாஜியிடம் தன் அரைகுறை இந்தியில், "தீன் டிகிரி ஜூட்", மூன்று டிகிரி பொய், என்று சொல்லிச் சிரித்தார். ஏசி போட்டால் கால் குடைகிறது என்று கூலருக்கே திரும்பிப் போனார். காலை நடை ஏழு மணியிலிருந்து எட்டுக்கு நகர்ந்தது. மூன்று டிகிரியைக் கழித்தாலும் முங்கேஷ்பூரில் மீதி கிட்டத்தட்ட 50 என்பதை யாரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பெரிய பயம் ஒன்று பொய்யாகிவிட்டால் சின்ன பயத்துக்கும் மதிப்பு போய்விடுகிறது. எனக்கு டிவிமேல் இன்றும் ஆறாத கோபம் அதற்காகத்தான்.

ஜூன் பாதியில் நடந்தது வேறு. பகல் 44, 45 என்று நின்றது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை, 52-ஐக் கேட்ட காதுக்கு 44 ஒரு எண்ணாகவே படவில்லை. ஆனால் ராத்திரி இறங்கவே இல்லை. டெல்லி வெயிலை இங்கேயே பிறந்தவர்கள் தாங்குவது ராத்திரியை நம்பித்தான். பகலில் லூ என்ற அனல்காற்று அடித்தாலும் விடியற்காலையில் 27, 28-க்கு வந்துவிடும், உடம்பு அப்போது தேறிக்கொள்ளும். அந்த வாரம் அந்த இடைவேளை கிடைக்கவில்லை. மொட்டை மாடித் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி பூராவும் கீழே எங்கள்மேல் இறக்கிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் நள்ளிரவிலும் வெந்நீர். யமுனைத் தண்ணீருக்கு ஹரியானாவோடு தகராறு நடந்துகொண்டிருந்ததால் அதுவும் குறைவாகத்தான் வந்தது. கூலர் மே மாதத்தில் அருமையாக வேலை செய்தது, காற்றில் லேசாக ஈரம் ஏறியதும் புழுக்கத்தைக் கூட்டியதோடு சரி. ஊரே ஏசி போட்டதில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் பதினொரு மணிக்கு மேல் படுத்துவிடும். ஜூன் 19 அன்று டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத அளவு.

அதற்கு முந்தின ராத்திரி, ஜூன் 18. கரண்ட் பன்னிரண்டரைக்குப் போனது. இன்வெர்ட்டரில் இரண்டு மின்விசிறி ஓடியது, சுடு காற்று. ஒன்றரை மணி இருக்கும், அப்பா கூப்பிடும் சத்தம் கேட்டுப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அம்மா எங்க, இன்னும் காவேரிக்கரைலேர்ந்து வரலையா?" என்றார். அம்மா போய் மூன்று வருஷம். தூக்கக் கலக்கம் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது, தோல் காய்ந்திருந்தது. நிற்க வைத்தால் கால் மடங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? அண்ணனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அவசர உதவி எண் 112-க்கு அடித்தேன், வண்டி வர நேரமாகும் என்றார்கள். சர்மாஜி வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த மனிதர் பனியனோடு ஓடிவந்து அப்பாவை ஈரத் துணியால் சுற்றி, தன் பையனோடு சேர்ந்து நாற்காலியில் வைத்து மூன்று மாடி இறக்கினார். மூன்று டிகிரி பொய் என்று அப்பா யாரிடம் சொல்லிச் சிரித்தாரோ, அதே சர்மாஜி.

பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் 102. சோடியம் 119. சாதாரணமாக அது 135-க்குக் கீழே இருக்கக்கூடாதாம். இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். நீர் மாத்திரை உப்பையும் சேர்த்தே வெளியேற்றும். அப்பா பிபிக்காகச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்திருந்தார். வேர்வையில் இன்னும் போனது. நானோ, தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க என்று வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தேன். இருந்த கொஞ்ச உப்பும் நீர்த்துப்போயிற்று. குழப்பம் வந்தது அதனால்தான், கூடவே வெப்பமும். இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் முழு வெப்பத்தாக்காக, அதாவது ஹீட் ஸ்ட்ரோக்காக, மாறியிருக்கும் என்றார். ஐசியு, பிறகு வார்டு, பில் 71,000. கோடைக்கு முன்னால் அப்பா அம்மாவின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நீர் மாத்திரை, பிபி மாத்திரை, மனநோய்க்கான சில மாத்திரைகள், இவற்றையெல்லாம் இந்த வெயிலில் இதே அளவில் தொடரலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோடியம், கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய்தான். உப்பு போட்ட நீர்மோர், ஓஆர்எஸ், கஞ்சித் தண்ணி எவ்வளவு கொடுக்கலாம் என்றும் அவரிடமே கேளுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவே வேறு ஆபத்து.

வெப்பத்தாக்கு என்று சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். புத்தி தடுமாறுகிறது, பேச்சு குழறுகிறது, உடம்பு கொதிக்கிறது என்றால் முதலில் குளிரவைக்க வேண்டும், ஆஸ்பத்திரி அடுத்தது. சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்குப் பிரயோஜனமில்லை. நல்லவேளையாக சர்மாஜிக்குத் துணியை நனைக்கத் தோன்றியது. ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் அந்த வருஷம் வெப்பத்தாக்குக்கென்றே தனிப் பிரிவு திறந்து, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் நோயாளியை இறக்கிக் குளிரவைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரி. அது எனக்கு அந்த ராத்திரியில் தெரியாது. உங்கள் வீட்டிலிருந்து இரவில் எங்கே போவது என்பதை மே மாதத்துக்கு முன்பே தீர்மானித்து ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டி வையுங்கள்.

வார்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் படித்தேன், அந்த ராத்திரி சஃப்தர்ஜங்கில் மிகக் குறைந்த வெப்பநிலையே 35.2. வழக்கத்தைவிட எட்டு டிகிரி அதிகம், 1969-க்குப் பிறகு இல்லாத சூடான இரவு. 52.9 பொய்யாக இருந்து அத்தனை ஆரவாரம். 35.2 உண்மை, அதுதான் ஆளைச் சாய்த்தது, ஆனால் கேட்பதற்கு ஏதோ சென்னையின் சாதாரண மத்தியான வெயில் மாதிரி இருப்பதால் என் குரூப்பில் ஒருவரும் அனுப்பவில்லை.

அதன்பிறகு வானிலைச் செய்தியை நான் படிக்கும் விதம் மாறிவிட்டது. எண்ணைப் பார்த்ததும் எந்த நிலையம் என்று தேடுவேன். சஃப்தர்ஜங், பாலம், லோதி ரோடு, ரிட்ஜ், ஆயாநகர் என்றால் ஒரு நம்பிக்கை. ஓரத்துத் தானியங்கி நிலையம் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட நாலைந்து டிகிரி எகிறி நின்றால் ஒருநாள் பொறுப்பேன். அடுத்து அதிகபட்சத்தை விட்டுவிட்டு குறைந்தபட்சத்தைப் பார்ப்பேன், பக்கத்திலேயே வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகல் என்றும் போட்டிருப்பார்கள். பகல் 40-ஐத் தாண்டியிருந்து ராத்திரி வழக்கத்தைவிட நாலரை டிகிரிக்கு மேல் இருந்தால் அதை வெப்ப இரவு என்றும், 6.4-ஐத் தாண்டினால் கடும் வெப்ப இரவு என்றும் வானிலைத் துறையே வகைப்படுத்துகிறது. டிவியில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற எச்சரிக்கை நிறங்கள் துறையின் இணையதளத்திலும் மௌசம் செயலியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொன்று, அந்த அளவுகளெல்லாம் நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில் எடுப்பவை. உங்கள் மேல்மாடி அறை அந்தப் பெட்டி கிடையாது. முன்னூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் அறை வெப்பமானி வாங்கி அப்பா தலைமாட்டில் வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ராத்திரி இரண்டு மணிக்கு அது 36.5 காட்டியது. அறை 40-ஐத் தாண்டினால் மின்விசிறி உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்போது ஈரத் துணி, இல்லையென்றால் இடம் மாறுவது. அந்த வாரம் முழுக்க சர்மாஜி வீட்டுத் தரைத்தளத்தில்தான் அப்பா தூங்கினார்.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்ததுதான் செய்ததிலேயே உருப்படியான காரியம். சொசைட்டியிடம் அனுமதி வாங்கி, ஃபெவிகால் கலந்து இரண்டு கோட், ஆள் கூலியோடு மூவாயிரம் ரூபாய். அறைச் சூடு இரண்டு மூன்று டிகிரி குறைந்ததை அந்த வெப்பமானியிலேயே பார்த்தேன். 46,000 ரூபாய் ஏசி கரண்ட் இருந்தால்தான் ஓடும்.

ஜூன் 28 காலை வரையான 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் மழை. 1936-க்குப் பிறகு ஜூனில் ஒரே நாளில் இவ்வளவு பெய்ததில்லை. விமான நிலையத்தில் முதல் டெர்மினலின் கூரை விழுந்து ஒருவர் செத்துப்போனார். மறுபடி தலைப்புச் செய்தி, மறுபடி குரூப்பில் படம். "இதுவும் கட்டிவிட்டதா?" என்று சித்தி கேட்டாள். இல்லை சித்தி, இது சரியான கணக்கு, வெளியே போகாமல் இருக்கோம் என்று எழுதினேன்.

அப்பா இப்போது கும்பகோணத்தில் நன்றாக இருக்கிறார். நீர் மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். இனிமேல் கோடைக்கு டெல்லி கிடையாது. அக்டோபர் கடைசியிலிருந்து இங்கே புகை, டிசம்பர் ஜனவரியில் குளிர். ஆக பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முடியத்தான் அவருக்கு டெல்லி என்று முடிவு செய்திருக்கிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் வேண்டுமென்றால், முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அந்தக் காலையிலேயே போட்டுவிடுங்கள்.